விரல் எதுவரை?

லண்டனின் விக்மோர் தெருவில் ஏறத்தாழ 550 பேர் அமரக்கூடிய சிறிய அரங்கம் ஒன்று இருக்கிறது. பெக்ஸ்டைன் என்ற ஜெர்மன் பியானோ நிறுவனம் தன் விற்பனைக்கூடத்தை ஒட்டி 1901இல் அதைக் கட்டியது. முதல் உலகப்போர்க் காலத்தில் கைமாறி, 1917 முதல் விக்மோர் ஹால் என்ற பெயரில் நடந்து வருகிறது. பியானோவுக்காகவே பிறந்த இந்த அரங்கத்துக்கு ஒரு தனிக் கச்சேரி கேட்க இரண்டு நண்பர்கள் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மேடையில் பியானோ பக்கவாட்டில் நிற்கும். கலைஞரின் வலது தோள் அவையின் பக்கம் இருக்கும். திறந்து நிறுத்திய மூடி ஒலியை அவையை நோக்கித் திருப்பிவிடும். இந்த அமைப்பில் விரல்கள் நன்றாகத் தெரிவது அவையின் இடப்பாதியில் இருப்பவர்களுக்குத்தான்; பியானோ கச்சேரிகளில் அந்தப் பக்கத்து இருக்கைகளுக்குக் கிராக்கி அதிகம். நண்பர்களில் ஒருவருக்கு இடப்பக்கம் இடம் கிடைக்கிறது, மற்றவருக்கு வலக் கோடியில். ஷூபர்ட்டின் மெதுவான பகுதி ஒன்று முடிகிறது. இடைவேளையில் முதலாமவர் சொல்கிறார்: "அந்தக் கடைசி சுரத்தைப் பார்த்தாயா? கட்டையை அழுத்தவே இல்லை, வருடினார். அதனால்தான் அத்தனை குழைவு." இரண்டாமவர் ஒப்புக்கொள்வதில்லை: "மெல்லத் தட்டினார், மெல்லக் கேட்டது. அதே அளவு சத்தம் வரும்படி நீ தட்டியிருந்தாலும் அப்படித்தான் கேட்டிருக்கும்." இயற்பியலாளர்களும் பியானோ ஆசிரியர்களும் ஏறத்தாழ நூறு ஆண்டுகளாக வாதிட்டு வருவது இதைப் பற்றித்தான். ஒரே ஒரு சுரம், ஒரே அளவு சத்தம். விரல் படும் விதத்தை மாற்றி அதன் தன்மையை மாற்ற முடியுமா?

பதில் பியானோவின் வயிற்றுக்குள் இருக்கிறது. இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் மெடிசி குடும்பத்தின் இசைக்கருவிகளைப் பராமரித்துவந்த பார்த்தலோமியோ கிரிஸ்தோஃபொரி 1700ஆம் ஆண்டையொட்டி இக்கருவியை உருவாக்கினார். அவர் செய்தவற்றில் மூன்று இன்றும் எஞ்சியிருக்கின்றன. 1720இல் செய்யப்பட்ட மூத்தது நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதற்கு முன் இருந்த கட்டைக் கருவிகளில் ஹார்ப்சிகார்டு கம்பியைச் சுண்டும். எவ்வளவு வேகமாக அழுத்தினாலும் ஒலியின் அளவு பெரிதாக மாறாது. கிளாவிகார்டில் ஓர் உலோகத் தகடு கம்பியைத் தொட்டு, கட்டையை அழுத்தியிருக்கும்வரை அங்கேயே ஒட்டி நிற்கும். அதனால் விரலை அசைத்துச் சுரத்தை நடுங்க வைக்கலாம். ஆனால் ஒலி அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது. கிரிஸ்தோஃபொரிக்கு வேண்டியது விரலின் பலத்துக்கேற்ப மெல்லவும் உரக்கவும் ஒலிக்கிற கருவி. அதற்குக் கம்பியைச் சுத்தியலால் அடிக்க வேண்டும். அடித்த சுத்தியல் கம்பியிலேயே தங்கினால் அதிர்வு செத்துவிடும். அடித்த கணமே அது விலக வேண்டுமென்றால், விரலின் உந்துதல் அடி விழுவதற்கு முன்பே அறுந்துபோக வேண்டும். அவர் கண்ட தீர்வை எஸ்கேப்மென்ட் என்பார்கள். தமிழில் விடுவிப்பு எனலாம். கட்டை கீழே இறங்கும் தூரம் சுமார் 10 மில்லிமீட்டர். சுத்தியல் மேலேறும் தூரம் 45 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். கம்பியைத் தொட ஓரிரு மில்லிமீட்டர் இருக்கும்போது, சுத்தியலைத் தள்ளிக்கொண்டு வந்த நெம்புகோல் நழுவி விலகிவிடும். மிச்சத் தூரத்தைச் சுத்தியல் தன் வேகத்திலேயே தாண்டி, அடித்து, திரும்பி விழும்.

கேரம் ஆடியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஸ்ட்ரைக்கரை ஆட்காட்டி விரலால் சுண்டலாம், நடுவிரலால் சுண்டலாம், மூச்சை அடக்கிக்கொண்டு சுண்டலாம். ஆனால் ஸ்ட்ரைக்கர் விரலை விட்டுப் பிரிந்தபின் அதில் மிஞ்சுவது வேகமும் திசையும்தான். எப்படிச் சுண்டினோம் என்பதைக் காய் அறியாது. பியானோ சுத்தியலுக்குத் திசையைத் தேர்ந்துகொள்ளும் உரிமைகூட இல்லை. அது ஒரு கீலில் பூட்டப்பட்டிருப்பதால் எப்போதும் ஒரே வளைவில் எழுந்து, கம்பியின் ஒரே இடத்தில்தான் படும். ஆக மிஞ்சுவது வேகம் ஒன்றே. வயலினில் வில் கம்பியை விட்டு விலகுவதில்லை. வீணையில் மீட்டிய பிறகும் இடக்கை விரல் தந்தியை இழுத்துச் சுரத்தை அசைத்துக்கொண்டே இருக்கும். பியானோவில் சுரம் பிறந்தபின் கட்டையின் வழியாகச் செய்யக்கூடியது ஒன்றுதான்: விரலை எடுத்து அதை நிறுத்துவது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஒரே பியானோ சில நேரம் குழைவாகவும் சில நேரம் கூர்மையாகவும் ஒலிப்பதை எல்லோரும் கேட்டிருக்கிறோமே, வெறும் சத்தத்தின் ஏற்ற இறக்கம் மட்டுமா அது? இல்லை. ஆனால் அந்த மாற்றமும் வேகத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. ஒரு கம்பி அதிரும்போது அடிப்படைச் சுரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண்களும் ஏறக்குறைய சேர்ந்தே எழும். இவற்றை மேற்சுரங்கள் என்போம். மேற்சுரங்கள் எந்தெந்த அளவில் கலந்திருக்கின்றன என்பதே ஒலியின் நிறம், ஒலிநிறம். மேற்சுரம் மிகுந்தால் ஒலி பளிச்சென்றும் குறைந்தால் மங்கலாகவும் கேட்கும். பியானோ சுத்தியலின் தலையில் இறுக்கிச் சுற்றியிருப்பது கம்பளி. மெல்ல மோதினால் அது அமுங்கி, கம்பியோடு சற்று நேரம் ஒட்டிக்கிடந்து, மேற்சுரங்களைத் தன்னுள் விழுங்கிக்கொள்ளும். வேகமாக மோதினால் கம்பளி இறுகிக் கெட்டியாகிச் சட்டென்று துள்ளி விலகும். அப்போது உயர்ந்த மேற்சுரங்கள் தப்பி வெளியே வந்துவிடும். இந்தத் தொடுகை நேரம் கீழ்ச்சுரங்களில் சுமார் 4 மில்லிவினாடி, மேல் கோடியில் ஒரு மில்லிவினாடிக்கும் குறைவு. அதாவது பியானோவில் சத்தமும் ஒலிநிறமும் ஒரே கயிற்றில் கட்டுண்டவை. ஒன்றை மாற்றினால் மற்றதும் மாறும். சத்தத்தை அப்படியே வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் மாற்ற முடியுமா என்பதுதான் நம் நண்பர்களுக்கு இடையிலான வழக்கு.

இதைச் சோதித்துப் பார்க்காமல் விட்டுவிடவில்லை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பீபாடி இசைக் கல்லூரியில் பணியாற்றிய ஆட்டோ ஆர்ட்மன், 1925இல் பியானோ தொடுகையின் இயற்பியல் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவர் ஆய்வகத்துக்குள் தவறிப்போய் நுழைந்த இசையறியாதவர் அல்லர், இசை கற்பித்தவர். கட்டையின் அசைவையும் சுத்தியலின் அசைவையும் கருவிகளால் பதிவு செய்து, தனிச் சுரத்தைப் பொறுத்தவரை சுத்தியலின் வேகம் ஒன்றே தீர்மானிக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். 1934இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர் இன்னும் நேரடியாக இறங்கினார்கள். கட்டையைத் தட்ட ஓர் இயந்திரம் அமைத்தார்கள். கைதேர்ந்த கலைஞரையும் வாசிக்க வைத்தார்கள். சுத்தியலின் வேகம் ஒன்றாக இருந்தபோது இருவகை ஒலியலைகளும் ஒன்றாகவே இருந்தன. வானியற்பியலாளர் ஜேம்ஸ் ஜீன்ஸ் 1937இல் எழுதிய இசையும் அறிவியலும் பற்றிய நூலில், கட்டையை விரலால் தட்டினாலும் குடையின் முனையால் தட்டினாலும் வேகம் ஒன்றென்றால் ஒலி ஒன்றுதான் என்ற பொருளில் எழுதினார். வாழ்நாள் முழுவதையும் விரல்களுக்குக் கொடுத்தவர்களிடம் குடையைப் பற்றிப் பேசினால் கோபம் வராமல் என்ன செய்யும்? அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

கோபத்தை ஒதுக்கிவிட்டு, கலைஞர்கள் தரப்பின் வலுவான வாதத்தை எடுத்துக்கொள்வோம். சுத்தியலின் தண்டு மரத்தால் ஆனது; அது விறைப்பான கம்பமல்ல. திடீரென்று உந்தினால் தண்டு வளைந்து நடுங்கும். நடுங்கிக்கொண்டே கம்பியில் மோதும் சுத்தியலும் நடுங்காமல் மோதும் சுத்தியலும் ஒரே வேகத்தில் வந்தாலும் ஒரே ஒலியைத் தருமா? ஸ்டாக்ஹோமில் உள்ள அரச தொழில்நுட்பக் கழகத்தில் ஆண்டர்ஸ் ஆஸ்கன்ஃபெல்ட், எரிக் யான்சன் இருவரும் இதை அளந்தார்கள். தொடுகைக்கேற்பச் சுத்தியலின் நடுக்கம் மாறுவது உண்மைதான். ஆனால் அந்த நடுக்கம் கம்பியின் அதிர்வில் காதுக்கு எட்டும் வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. தர்க்கப்படி நடக்கக்கூடியது என்பதும் காதுக்குக் கேட்கக்கூடியது என்பதும் ஒன்றல்ல. இந்த விவாதத்தில் பலரும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

ஆனால் வேறொரு வாசல் திறந்தது. பியானோவில் கம்பி மட்டும் ஒலிப்பதில்லை. உயரத்திலிருந்து விரல் கட்டைமேல் விழும்போது ஒரு சிறு தட்டொலி எழும். கட்டை அடிப்பலகையில் போய் முட்டும்போது இன்னொரு மந்தமான மொத்தொலி எழும். விரலைக் கட்டைமேல் வைத்துக்கொண்டே அழுத்தினால் முதல் ஒலி ஏறக்குறைய இல்லாமலே போகும். வெர்னர் கோயபல் என்ற ஆஸ்திரிய ஆய்வாளரும் உடன் உழைத்தவர்களும் 2004 முதல் 2014 வரை இதைத் துருவினார்கள். சுத்தியல் வேகம் ஒன்றாக உள்ள சுரங்களைத் தேர்ந்தெடுத்து, தட்டி எழுப்பியது எது, அழுத்தி எழுப்பியது எது என்று இசைக்கலைஞர்களிடம் கேட்டார்கள். விரலின் தட்டொலியும் பதிவில் இருந்தபோது சிலரால் கண்டுபிடிக்க முடிந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டால் முடியவில்லை. கட்டை அடியில் முட்டும் ஒலியும் அப்படியே: அது இருக்கிறதா இல்லையா என்பதைக் காது பிரித்தறிந்தது. ஆக இரு தரப்பிலும் உண்மை உண்டு. கம்பியின் ஒலியைப் பொறுத்தவரை ஜீன்ஸின் குடையே வென்றது. ஆனால் காதுக்கு வருவது கம்பியின் ஒலி மட்டுமல்ல. சுரம் பிறப்பதற்குச் சில மில்லிவினாடி முன்னரே வந்துவிடும் அந்தத் தட்டொலியைத் தனியாகக் கேட்கிறோம் என்று நமக்குத் தெரிவதில்லை. சுரமே கடுமையாகத் தொடங்கியதாகத் தோன்றுகிறது. இந்தப் பதிவுகள் பியானோவுக்கு அருகில் எடுத்தவை என்பதையும் சொல்லியாக வேண்டும். இருபதாம் வரிசையில் அமர்ந்திருப்பவருக்கு இந்த மெல்லிய ஒலிகள் அரங்கத்தின் எதிரொலிப்பில் கரைந்துவிட வாய்ப்பு அதிகம்.

தனிச் சுரத்தை விட்டு இசைக்கு வருவோம். இதுவரை சொன்னது முழுக் கதையில் ஒரு துண்டுதான். கச்சேரியில் ஒற்றைச் சுரத்தை யாரும் வாசிப்பதில்லை. ஒரு சுரம் முடிவதற்குள் அடுத்தது எவ்வளவு நேரம் அதன்மேல் படிகிறது, ஒரே நேரத்தில் ஒலிக்கும் நான்கைந்து சுரங்களில் எது சற்று உரக்க நிற்கிறது, வல மிதி எப்போது இறங்கி எப்போது ஏறுகிறது என்ற மூன்றிலும் கலைஞருக்கு முழு அதிகாரம் உண்டு. வல மிதி கம்பிகள்மேல் படுத்திருக்கும் தணிப்பான்கள் எல்லாவற்றையும் தூக்கிவிடும். அப்போது அடிபடாத கம்பிகளும் அடிபட்ட கம்பியோடு சேர்ந்து மெல்ல அதிரும். பெரிய பியானோவில் இட மிதி சுத்தியல் வரிசையையே சற்று நகர்த்தி, ஒரு சுரத்துக்குரிய மூன்று கம்பிகளில் இரண்டை மட்டும் நேராக அடிக்க வைக்கும். "இவர் தொட்டால் பியானோ பாடுகிறது" என்று நாம் சொல்லும்போது, அந்தப் பாட்டின் பெரும்பகுதி சுரத்துக்குள் இல்லை. சுரங்களுக்கு நடுவில் இருக்கிறது.

இதற்கு அழகான சான்று ஒன்று வியன்னாவிலிருந்து கிடைத்தது. கட்டைகளின், சுத்தியல்களின் அசைவைக் கணினியில் பதிவு செய்யும் போசன்டார்ஃபர் பியானோ ஒன்றில், தேர்ந்த 22 கலைஞர்களைக் கோயபல் ஷோபனின் இசையை வாசிக்க வைத்தார். மெட்டுக்குரிய சுரம், அதனோடு சேர்ந்தே ஒலிக்க வேண்டிய மற்றச் சுரங்களைவிட ஏறத்தாழ 30 மில்லிவினாடி முந்தி வந்தது. மெட்டைத் துலக்கிக் காட்டக் கலைஞர்கள் திட்டமிட்டே முந்துகிறார்கள் என்று அதுவரை பலர் நினைத்திருந்தார்கள். ஆனால் விரல்கள் கட்டையை அழுத்தத் தொடங்கிய நேரத்தைக் கணக்கிட்டபோது அந்த இடைவெளி ஏறக்குறைய மறைந்துபோனது. எல்லா விரல்களும் சேர்ந்தே புறப்பட்டிருந்தன. மெட்டைத் தாங்கிய விரல் பலமாக அழுத்தியதால் அதன் சுத்தியல் முதலில் போய்ச் சேர்ந்தது, அவ்வளவுதான். உரக்க வாசிக்க வேண்டும் என்ற ஒரே எண்ணம் சத்தத்தையும் ஒலிநிறத்தையும் நேரத்தையும் ஒருசேர மாற்றிவிட்டது. கலைஞர் தொடுகை என்று தன் உடலில் உணர்வது இந்த மூன்றும் பிரியாமல் பிணைந்த முடிச்சையே. அதை அவர் ஒரே பொருளாக உணர்வதில் தவறில்லை.

சுத்தியல் வேகம், நேரம், மிதி, இவை மூன்றும் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்றால், இவற்றை மட்டும் ஓர் இயந்திரத்துக்குக் கொடுத்து ஒரு வாசிப்பை மீட்டெடுக்க முடிய வேண்டும். முயன்றும் பார்த்தார்கள். கனடாவின் கிளென் கூல்ட் 1955இல் பதிவு செய்த பாக்கின் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ் பழைய ஒற்றைத்தட ஒலிப்பதிவு. ஜென்ஃப் என்ற அமெரிக்க நிறுவனம் அந்தப் பதிவைக் கணினியால் ஆராய்ந்து, ஒவ்வொரு சுரத்தின் வேகத்தையும் நேரத்தையும் ஊகித்து, தானே இயங்கும் யமஹா பியானோவில் மறுபடி வாசிக்க வைத்தது. அது 2007இல் வெளியானது. வாசிப்பின் தனித்தன்மை அடையாளம் தெரியும்படி திரும்பி வந்தது என்பதே என் துணிபு. பழைய பதிவிலிருந்து ஊகித்த எண்கள்தானே, எப்படி முழுமையாகும் என்ற மறுப்பு சரியானது. ஆனால் அந்த மறுப்பு எண்களின் துல்லியத்தைத்தான் கேள்வி கேட்கிறது. எண்களுக்கு அப்பால் விரலுக்கென்று வேறொரு ரகசியம் இருப்பதை அது நிறுவவில்லை.

இனி இடப்பக்க இருக்கைக்கு வரலாம். அங்கிருந்தவர் கேட்டதாகச் சொன்ன குழைவு எங்கிருந்து வந்தது? ஹானோவரைச் சேர்ந்த கிளாஸ் எர்ன்ஸ்ட் பேனெ 1990இல் வெளியிட்ட ஆய்வு இதற்குள் நம்மை அழைத்துப் போகிறது. ஒருவர் வாசித்த ஒலிப்பதிவை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்கேற்ப வெவ்வேறு கலைஞர்களை வாசிப்பதாக நடிக்க வைத்துப் படமெடுத்தார். பார்த்தவர்களுக்குக் காதில் விழுந்தது ஒரே ஒலி. ஆனாலும் வாசிப்புகளுக்கிடையே வேறுபாடு கேட்டதாகவே மதிப்பெண் போட்டார்கள். இசையறிவு உள்ளவர்களும் இதற்கு விலக்கல்ல. பின்னர் 2011இல் கிளெமென்ஸ் வோல்னருடன் சேர்ந்து இதை மீண்டும் செய்து பார்த்தபோதும் விளைவு நிலைத்தது. 2007இல் மைக்கேல் ஷுட்ஸ், ஸ்காட் லிப்ஸ்கோம் இருவரும் மரிம்பா என்ற மரக்கட்டைத் தாளக் கருவியில் ஒரு சோதனை செய்தார்கள். தேர்ந்த கலைஞர் ஒருவர் ஒரே சுரத்தை நீண்ட கைவீச்சாலும் குறுகிய கைவீச்சாலும் தட்டினார். ஒலியை மட்டும் கேட்டவர்களுக்கு இரண்டும் ஒரே நீளம். கையையும் பார்த்தவர்களுக்கு நீண்ட வீச்சின் சுரம் நீண்டு ஒலித்தது. கையைப் பொருட்படுத்தாமல் ஒலியை மட்டும் மதிப்பிடுங்கள் என்று சொல்லிவைத்த பிறகும் அப்படியே.

கண் இப்படிக் குறுக்கிடுவதை ஏமாற்று என்று சொல்லிவிடக் கூடாது. உலகத்தில் ஒலி வானத்திலிருந்து விழுவதில்லை. ஏதோ ஒன்று ஏதோ ஒன்றில் மோதி வருகிறது. மோதுவதைக் கண் பார்த்தால், அந்தச் செய்தியையும் சேர்த்துக்கொண்டு மூளை ஒலியைக் கணிக்கிறது. ஹாரி மெக்கர்க், ஜான் மெக்டொனால்டு இருவரும் 1976இல் காட்டியது இதையே: ஓர் எழுத்தொலியைக் கேட்க வைத்து, வேறொன்றை உச்சரிக்கும் வாயைக் காட்டினால், மூன்றாவது ஒலி ஒன்று கேட்கும். மரிம்பா சோதனையின் தொடர்ச்சியில் ஷுட்ஸும் மைக்கேல் குபோவியும் கண்டது இன்னும் நுட்பமானது. அதே கைவீச்சுக் காட்சியோடு தட்டி எழும் ஒலியைச் சேர்த்தால் கண் காதை மாற்றியது. கிளாரினெட் ஒலியைச் சேர்த்தால் மாற்றவில்லை. கை அந்த ஒலியை உண்டாக்கியிருக்க முடியாது என்பதை மூளை உணர்ந்து காட்சியைத் தள்ளிவிடுகிறது. ஆக இடப்பக்கத்து நண்பர் கற்பனையாக எதையும் சொல்லவில்லை. குழைவு அவருக்கு உண்மையிலேயே கேட்டது. அதைக் கேட்க வைத்ததில் கலைஞரின் மணிக்கட்டு அசைவுக்கும் பங்கு இருந்தது, அது கம்பியின் வழியாக வராவிட்டாலும்.

இதே தடத்தில் இன்னொரு ஆய்வு பரபரப்பானது. ஆய்வாளரும் பியானோ கலைஞருமான சியா-ஜங் சே 2013இல் சர்வதேசப் போட்டிகளின் இறுதிச் சுற்றுக்கு வந்த மூவரின் சிறு துணுக்குகளை மக்களுக்குக் கொடுத்து, வென்றவர் யாரென்று ஊகிக்கச் சொன்னார். ஒலிதான் முக்கியம் என்று பெரும்பாலோர் முன்கூட்டியே சொன்னார்கள். ஆனால் ஒலியை மட்டும் கேட்டபோது குருட்டாம்போக்கில் ஊகிப்பதைத் தாண்ட முடியவில்லை. சத்தமே இல்லாத படத்தைப் பார்த்தபோது ஏறக்குறைய பாதித் தடவை சரியாகச் சொன்னார்கள். தொழில்முறை இசைக்கலைஞர்களும் இதில் மேம்படவில்லை. இசையைக் கண்ணால்தான் மதிப்பிடுகிறோம் என்று பத்திரிகைகள் இதை விரித்து எழுதின. அவ்வளவு தூரம் போவதை நான் ஏற்கவில்லை. இறுதி மூவர் வாசிப்பில் ஏறத்தாழ சமமானவர்கள். காது பிரிக்க முடியாத இடத்தில் கண் தீர்ப்பளிப்பது வியப்பல்ல. சாமுவேல் மெஹரும் உடன் ஆய்ந்தவர்களும் 2018இல் அதே துணுக்குகளை வைத்துச் செய்தபோது அதே விளைவு வந்தது. வேறு வாசிப்புகளை வைத்துச் செய்தபோது அது நிலைக்கவில்லை. கண்ணுக்குக் குரல் உண்டு, சில வழக்குகளில் கடைசிக் குரலும் அதுவே. ஆனால் ஆட்சி அதனுடையதல்ல.

மேடைக்காரர்கள் இதை ஆய்வாளர்களுக்கு முன்பே அறிந்திருந்தார்கள். பியானோவைப் பக்கவாட்டில் வைத்து உட்கார்ந்த முதல் கலைஞர்களில் ஒருவராகச் சொல்லப்படுபவர் 18ஆம் நூற்றாண்டின் போஹீமியக் கலைஞர் டூசெக். 1840இல் லண்டனில் தன் தனிக் கச்சேரிக்கு ரிசைட்டல் என்று பெயரிட்ட லிஸ்ட், பார்க்கப்படுவதையும் கலையின் பகுதியாகவே ஆக்கினார். நேர்மாறாக, ரஷ்யக் கலைஞர் ஸ்வியத்தஸ்லாவ் ரிக்டர் தன் கடைசி ஆண்டுகளில் அரங்கத்தை இருட்டாக்கி, இசைத்தாள்மேல் மட்டும் ஒரு சிறு விளக்கு வைத்துக்கொண்டு வாசித்தார். விரலையும் முகத்தையும் பார்ப்பது இசைக்கு உதவாது என்பது அவர் நம்பிக்கை. இருவரில் லிஸ்டின் பக்கமே நான் சாய்வேன். கண்ணை மறைத்தால் தூய இசை மிஞ்சும் என்பதற்கு, மூளை ஒலியைக் கையாளும் விதத்தில் ஆதாரம் இல்லை. அதே அரங்கில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதும் ஒரு கேட்கும் முறை; அதுமட்டுமே சரியான முறை என்று சொல்ல முடியாது.

கடைசியாக ஒரு மறுப்பு, ஆசிரியர்களிடமிருந்து. வேகம் ஒன்றே போதுமென்றால், தோளிலிருந்து எடையை இறக்கு, மணிக்கட்டைத் தளர்த்து என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்ததெல்லாம் வீணா? இல்லவே இல்லை. அந்த ஒற்றை எண்ணைக் கட்டுப்படுத்துவது எவ்வளவு கடினம் என்பதைப் பார்த்தாலே போதும். விரல் கட்டையைத் தொட்டதிலிருந்து சுத்தியல் கம்பியை அடையும்வரை ஆகும் நேரம், ஓங்கித் தட்டினால் 20 மில்லிவினாடி அளவு. மிக மென்மையாக அழுத்தினால் 200 மில்லிவினாடியையும் தாண்டும். இன்னும் மெதுவாக அழுத்தினால் சுத்தியல் கம்பிக்கே போய்ச் சேராது, சுரம் பிறக்காது. பத்து விரல்களும் இந்த எல்லைக்குள் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்து, குறித்த கணத்தில் சென்று சேர வேண்டும். இறுகிய கையால் அது ஆகாது. ஆசிரியர் சொல்லும் தளர்வு கம்பிக்கு அல்ல, கைக்கு. கை தளர்ந்தால்தான் வேகம் வசப்படும். போலந்தின் கிரிஸ்டியன் சிமர்மன் தன் பியானோவை ஊர் ஊராகக் கொண்டுபோவதற்கும், 1986இல் பியானோ கலைஞர் ஹோரோவிட்ஸ் மாஸ்கோவில் வாசிக்க அவருடைய ஸ்டெயின்வே பியானோ அமெரிக்காவிலிருந்து போனதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. விரலின் அசைவு எந்த வேகமாக மாறும் என்பது கருவிக்குக் கருவி வேறுபடும். வயலின் கலைஞரைப் போலத் தன் கருவியோடு போகும் வசதி பியானோ கலைஞர்களில் மிகச் சிலருக்கே வாய்க்கிறது. மற்றவர்கள் அரங்கத்தில் இருக்கும் பியானோவைச் சில மணி நேரத்தில் பழகிக்கொண்டு மேடையேறுகிறார்கள். அதற்கு முன்பே அரங்கத்தின் பியானோ வல்லுநர் சுத்தியல் கம்பளியில் மெல்லிய ஊசிகளைக் குத்திக் குத்தி, அது அமுங்கும் அளவைச் சரிசெய்திருப்பார். ஒரே வேகத்தில் வரும் சுத்தியல், ஒரே சத்தத்துக்கு வேறு நிறம் தருவது அவர் கையால்தான்.